நிலபாவாடை

ஒரு மீற்றர் வெள்ளைத் துணி,
முன்னால் தடி, தடியில் கயிறு.
வசாவிளானில் முள்ளுக்கம்பி விலகிய காணிகளில்
இதை இழுத்துக்கொண்டு நடப்பதுதான் என் உத்தியோகம்.
பத்தடிக்கு ஒருக்கால் நின்று
துணியைப் புரட்டிப் பார்ப்பேன்.

"என்ன பிள்ளை, நிலபாவாடையோ?
ஆரின்ரை செத்தவீடு?"
ஆட்டுக்குக் குழை ஒடிக்க வந்த நாகமுத்தர் கேட்டார்.
சிரித்தேன்.
துணியின் கரையில் அப்போது
எள்ளுப்போல் ஏழு உண்ணிகள் ஊர்ந்தன.

புல்நுனிவரை ஏறி,
பின்கால்களால் பிடித்து,
முன்கால் இரண்டையும் விரித்து நிற்கும்.
மூச்சு வரும் திசை தெரியும். சூடு தெரியும்.
சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் நிற்கும்.
இருபத்தேழு வருடம் கம்பிக்கு வெளியே நின்றவர்கள் நாங்கள்.
எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

ஆறு காலோடு பிறந்து எலியில் ஒரு விருந்து.
விழுந்து, தோல் கழற்றி, எட்டுக் காலாகி
முயலிலோ கீரியிலோ இன்னொன்று.
மூன்றாவது மாட்டுக்கென்று எழுதியிருக்கிறது.
மாடு வராத அன்று
ஆர் வந்தாலும் சரி.

பெக்கோ வந்த கிழமை
சாரைகளைத்தான் முதலில் அடித்தார்கள்.
பதினொன்று. கம்பியில் தூக்கிப் போட்டார்கள்.
அந்தக் கணக்கை மாரி முடிய
எலிகள் எழுதத் தொடங்கின.
காடாயும் இல்லை, வளவாயும் இல்லை,
வெட்டியும் வெட்டாமலும் கிடக்கிற ஓரம்,
நாயுருவி முழங்காலில் முட்டும் ஒழுங்கைக் கரை:
என் துணி அங்கேதான் கறுக்கும்.

திலகேஸ்வரி
தாயின் சீதனக் காணியைத்
தானே துப்புரவாக்க வந்தவ.
உறுதி கையில் இருந்தது.
எல்லைக்கல்லைத்தான் காணவில்லை.
மூன்று நாள் கத்தியோடு பற்றைக்குள் நின்றா.
பத்தாம் நாள் காய்ச்சல்.
தெல்லிப்பழையில் டெங்கு என்று எண்ணி
இரத்தம் எடுத்தார்கள், திரும்ப எடுத்தார்கள்.
உள்ளங்கையில் செம்புள்ளி வந்த பிறகும்
"எங்கேயாவது கடிச்சதோ அம்மா?" என்று டொக்டர் கேட்க
இல்லையென்று தலையாட்டினா.

நான் போய்த் திரையை இழுத்தேன்.
பாவாடை நாடா இறுகும் இடத்தில்
ஊதுபத்தி சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு.
"இதையோ? இது நாடா வெட்டினது."
நோகவில்லை, அதனால் சொல்லவில்லை.
ஆம்பிளை டொக்டர், அதனாலும்.

டொக்ஸிசைக்ளின்.
இரண்டாம் நாள் கஞ்சி கேட்டா.
மூன்றாம் நாள் என்னைக் கேட்டா:
"உண்ணிக்கு இந்தக் கிருமியை ஆர் குடுத்தது?"
எலி குடுத்திருக்கலாம் என்றேன்.
தாயும் குடுக்கும்,
முட்டைக்குள் வைத்தே
பிள்ளைகளுக்கு எழுதிவிடும்.
கொஞ்ச நேரம் சேலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தா.
"அப்ப அதுக்கும் சீதனம்தான்.
அதே காணியிலை."

இரவு கிணற்றடியில்
உடுப்பைக் கொதிதண்ணியில் போட்டுவிட்டு
விளக்கைக் கிட்டப் பிடித்துத் தேடுவேன்:
அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால்.
அன்றைக்கு இடுப்பில் ஒன்று.
இன்னும் ஊதவில்லை, இப்போதுதான் பிடித்திருக்கிறது.
இடுக்கியால் நேரே இழுத்து ஸ்பிரிற்றில் போட்டேன்.
எட்டுக் காலும் கொஞ்ச நேரம் நடந்தன,
நிலமே இல்லாமல்.

சிட்டையில் எழுத வேண்டும்.
திகதி. இடம்.
காணிச் சொந்தக்காரர் பெயர் இன்னும் வழக்கில்.
அடுத்த வரி அச்சிட்டபடியே இருக்கும்,
பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய அதே சொல்:
விருந்துவழங்கி.
என் பெயரை எழுதினேன்.
பிறகு வெட்டிவிட்டு
மனிதர், பெண், வயது முப்பத்தொன்று.

நாளைக்கும் அந்த ஓரம்தான்.
துணி இன்னும் காயவில்லை.