பின்னங்கால் இல்லாத நாற்காலி

அபூ நிசார் கொண்டுவந்தது
பாதி கிழிந்த ஒரு பத்திரிகைப் பக்கம்.
இதில் நாற்பது வேண்டும், பல் மருத்துவமனைக்கு,
இருபத்தெட்டாம் தேதிக்குள்.
படத்தில் அளவு இல்லை.
நாற்காலிக்குப் பின்னங்காலும் இல்லை.

முன்னால் இறங்கும் குழாய்
தரையோடு ஊர்ந்து பின்னால் போய்
அங்கேயே திரும்பி
மறுபக்கம் ஏறிவிடுகிறது.
உட்காருகிறவர் காற்றின்மேல்தான் உட்காருகிறார்.

விழாதா, என்றார் குல்ஸமீர்,
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி.
நூறு வருஷமாக விழவில்லையாம், என்றேன்.
அவர் நம்பவில்லை. அஜ்மான் தொழிற்பேட்டையில்
எதுவும் நூறு வருஷம் இருந்ததில்லை.

அன்றிரவு
அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துத் தேடினேன்.
சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்த ஒருவருக்கு
இரும்புக் குழாயில் உட்காரலாமே என்று
ஜெர்மனியில் தோன்றியதாம்.
பின்னங்காலை எடுத்தவர் அவர்தானா,
எரிவாயுக் குழாய்களை இணைத்துப் பார்த்த இன்னொருவரா?
வழக்கு நடந்திருக்கிறது. தீர்ப்பு வந்திருக்கிறது.
இல்லாத ஒரு காலுக்கு
உரிமையாளர் இன்னார் என்று.
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
கீழ்த்தட்டிலிருந்து பிளெஸ்ஸி
பலகையை உதைத்தாள்.

காலையில் வரைந்தேன்.
வளைவின் ஆரம் எழுபத்தைந்து மில்லிமீட்டர்.
பட்டறையில் அந்த அச்சு இல்லை.
இருந்தது நூற்றுப்பத்து,
ஆஸ்பத்திரிக் கட்டிலின் கைப்பிடிக்கு வாங்கியது.
புது அச்சு எண்ணூறு திர்ஹம் என்றேன்.
அபூ நிசார் கூரையைப் பார்த்தார்,
அங்கே வேறு விலை எழுதியிருப்பதுபோல.

எழுபத்தைந்தை அழித்து
நூற்றுப்பத்து என்று அடித்தேன்.
நான் செய்தது அவ்வளவுதான்.

ஆர்ட் நூவோ, ஆர்ட் டெக்கோ, பௌஹவுஸ்,
ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.
எண்ணூறு திர்ஹம் மிச்சம் பிடித்ததற்கு
என்ன பாணி?

முதல் நாற்காலியில் குல்ஸமீர் உட்கார்ந்தார்.
அது அளவுக்குமேல் தாழ்ந்தது,
கொஞ்சம் யோசித்தது,
பிறகு அவரை மேலே கொண்டுவந்தது.
ஒட்டகம், என்றார்.
எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.
வேலை நேரத்தில், மூன்று முறை.

நாற்பதும் போயின.
பிறகு ஃபுஜைராவின் கார் வாடகைக் கடைக்கு நூற்றிருபது.
கீறல் விழுந்த ஒன்றை
பக்கத்துப் பட்டறைக்காரர் பாதி விலைக்குக் கேட்டார்.
உட்கார அல்ல, அளக்க.
தெரிந்தும் கொடுத்தோம்.
நாங்கள் மட்டும் எதிலிருந்து அளந்தோம்?

நான்கு வருஷம் கழித்து,
வேறு நாடு, வேறு விசா,
சமையலறை அலமாரிகள் வரையும் வேலை.
மனாமாவில் மருத்துவப் பரிசோதனைக்கு
டோக்கனோடு உட்கார்ந்தேன்.
இருக்கை தாழ்ந்தது.
யோசித்தது.
கண்ணுக்கு முன்னால்
முதுகுக்குத் தெரிந்துவிட்டது.

கைப்பையில் டேப் எப்போதும் இருக்கும்.
முழங்காலிட்டேன்.
தரையிலிருந்து குழாய் நிமிரும் இடம் வரை பிடித்து,
குழாயின் பாதித் தடிமனைக் கழித்தேன்.
இரண்டு முறை.
இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர்:
ஜெர்மன் கிளாசிக், 1928.
அதன்கீழ் சீன எழுத்து,
அதன்கீழ் யாரோ ஒட்டிவிட்டுப்போன சூயிங்கம்.

அறுபது நாற்காலிகள் அந்தக் கூடத்தில்.
எக்ஸ்ரேக்குக் காத்திருப்பவர்கள்
லேசாக, லேசாக
ஆடிக்கொண்டிருந்தார்கள்.

என்னம்மா தொலைஞ்சுபோச்சு?
பக்கத்தில் இருந்தவர், தூத்துக்குடிப் பேச்சு.
முப்பத்தைந்து மில்லிமீட்டர், என்றேன்.
அவர் கால்களைத் தூக்கிக்கொண்டு
தன் நாற்காலிக்கு அடியிலும்
மரியாதையாகக் குனிந்து பார்த்தார்.