கால்

ஒரத்தநாட்டிலிருந்து காலை ஏழரை பஸ்ஸில்
அறுபது கருமுட்டைகள் வந்தன.
"ஒடஞ்சா என்னைக் கேக்கக் கூடாது" என்றார் நடத்துனர்.
ஐம்பத்தேழு தேறின.

முப்பத்தேழரை டிகிரிச் சூடு.
மூன்றாம் நாள் ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சி
ஓட்டில் தபால்தலை அளவு ஜன்னல் வெட்டி
செல்லோடேப் ஒட்டி மூடுவேன்.
பென்சிலால் எண் போடுவேன்.
பேர் வைப்பதில்லை.
மெஹர்நிஷா ஒருமுறை வைத்தாள்.
பன்னிரண்டாம் நாள் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனாள்.

எட்டாம் நாள் ஜன்னலைத் திறந்தால்
விளக்கடியில்
மேலிருந்து பார்த்த டெல்டா:
வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறு, பேரில்லாத கன்னிகள்.
ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதியிருந்தேன்.
சிவப்பு மையில் அடித்துத் திருப்பித் தந்தார்கள்.
சரிதான். இது துடிக்கிறது.
ஆறு எதுவும் துடிப்பதில்லை.

அந்தச் சவ்வின் மேல்
கடுகளவு கட்டியை வைக்கிறேன்.
இரண்டே நாளில் அதற்குத் தாகம்.
வாயில்லை. ஒரு புரதத்தைக் கசியவிடுகிறது, அவ்வளவுதான்.
பக்கத்து நாளங்கள் திரும்பிப் பார்க்கின்றன.
கரை வெட்டி, வளைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி
முறையில்லாமல், மதகில்லாமல்
ஒழுகிக்கொண்டே வந்து சேர்கின்றன.

வழியை அடைப்பது என் வேலை.
முழு அளவு மருந்து.
முட்டை எண் பதினேழு:
கட்டியைச் சுற்றி ஒரு நாளம் இல்லை.
வெள்ளைச் சவ்வு, ஏப்ரல் மாதத்துக் கொள்ளிடம்.
படம் எடுத்தேன்.
எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் கட்டியைக் கொல்லும் இரண்டாம் மருந்தை
சிவப்பாய் ஒளிரச் சாயமிட்டு ஏற்றினோம்.
அது விளிம்பிலேயே நின்றது.
உள்ளே போக வழி?
அடைத்தவள் நான்தானே.
நடுவில், காற்றுப் போகாத இருட்டில்,
முன்னைவிட முரட்டுத்தனமாய்
அது இன்னும் அழைத்துக்கொண்டிருந்தது.

டீக்காசு வீண்.

சனிக்கிழமை ஊருக்குப் போகையில்
மன்னார்குடி தாண்டி, கோட்டூர் அருகே பஸ் நின்றது.
மறியல்.
மேட்டூர் திறந்து இருபத்தெட்டு நாள்,
கடைமடைக்கு ஒரு சொட்டு வரவில்லை.
ஒரு பெண் மஞ்சளித்த நாற்றை முடிச்சோடு கொண்டுவந்து
எங்கள் முன்சக்கரத்தடியில் வைத்தாள்.

தாகம், அழைப்பு என்று மனம் ஒப்பிடத் தொடங்கியது.
இவர்களையும் அந்தக் கடுகையும்
ஒரே வரியில் வைப்பேனா?
உவமைக்கும் ஷட்டர் இருக்கிறது.
இறக்கினேன்.

ஆனால் காதை இறக்க முடியவில்லை.
தாசில்தாரின் ஜீப்பருகே ஒருவர் போனில் கத்தினார்:
"முழுசாத் தூக்காதீங்க, நடுவுல கரை போயிரும்.
கால்வாசி. கால்வாசி தூக்குங்க."

புதிதொன்றும் இல்லை.
குறைந்த அளவு கொடுத்தால் நாளங்கள் ஒழுங்காகும் என்று
யாரோ எப்போதோ எழுதிவிட்டார்கள்,
நானும் படித்து மஞ்சளில் கோடு போட்டிருந்தேன்.
படித்தது வேறு,
நின்ற பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வியர்த்தது வேறு.

அடுத்த அறுபதில் கால் அளவு.
மூன்றாம் நாள் நாளங்கள் மெலிந்து நேராயின,
ஒழுகல் நின்றது.
சிவப்பு, உள்ளே போனது.
நடுவரை போனது.
ஐந்தாம் நாள் பழையபடி சிக்கல்.
இடையில் இரண்டே நாள் திறப்பு.
அதுவும் பதினோரு முட்டைகளில் மட்டும்.
மற்றவை ஏன் இல்லை என்று தெரியாது.

பன்னிரண்டாம் நாள் எல்லாம் குளிர்பெட்டிக்குள் போகும்.
அதன் கதவை மூடிய பிறகு நான் எதையும் எண்ணுவதில்லை.

குறிப்பேட்டில் "கால்" என்று மட்டும் எழுதியிருந்தேன்.
"நாலில் ஒண்ணா? தண்ணி போற காலா?"
தோளுக்குப் பின்னாலிருந்து மெஹர்நிஷா.
விளக்கடியில் நாற்பத்தொன்று துடித்துக்கொண்டிருந்தது.
"இரு," என்றேன்,
"பாத்துட்டுச் சொல்றேன்."