புள்ளி

ஜூலைக் கடைசியில் மண்டல லீக்கிலிருந்து தாள் வந்தது.
மூன்றாம் பிரிவிலிருந்து எங்களை எடுத்தாகிவிட்டது.
இரண்டாம் பிரிவில் சேர்ப்பது பரிசீலனையில்.
கல்லூரி அலுவலக வயிரவன் அண்ணன்
தாளைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் மீதி இருக்குமோ என்று.
பின்பக்கம் வெள்ளை.

ஏறிவிட்டோம் என்று லட்டு வாங்குவதா,
இறக்கிவிட்டார்கள் என்று முறைப்பதா?
கேப்டன் சேவுகன் இரண்டும் செய்யவில்லை.
கோல் கம்பத்துத் துருவைச் சுரண்டிக்கொண்டே கேட்டான்:
"அப்ப சனிக்கிழமை யாரோட ஆடுறது?"

நான் இரண்டாவது கோல்கீப்பர்.
அதாவது, நோட்டு வைத்திருப்பவன்.
முதல் கீப்பர் சாகுலுக்கு
மூன்று வருடத்தில் ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

என் போனில் எண்கள் சேர்ந்தன.
மானாமதுரை ரயில்வே.
பரமக்குடி ஐடிஐ.
சிவகங்கை ஆயுதப்படை (ஜெயித்தால் சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும்).
புதுவயல் அரிசி ஆலை லோடுமேன்கள்.
"எந்த லீக் தம்பி?"
"லீக் இல்லண்ணே."
"அப்ப எதுக்கு?"
ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் சொன்னேன்.
எதையும் நானே நம்பவில்லை.

பயணப்படி கேட்டுப் போனார் பி.டி. சார் ஞானமுத்து.
லீக் ஆட்டத்துக்குத்தான் தலைப்பு உண்டு, என்றது கணக்குப் பிரிவு.
இது நட்பு ஆட்டம், என்றார் சார்.
நட்புக்குத் தலைப்பு கிடையாது சார்.
அன்று கல்லல் ஸ்டேஷனில்
பதினாறு டிக்கெட்டும் அவர் பாக்கெட்டிலிருந்து.
பந்து மட்டும் ஓசிப் பயணம்.

புதுவயல்காரர்கள் இமையில் தவிட்டோடு வந்து
வெறுங்காலில் எங்களுக்கு நாலு கோல் போட்டார்கள்.
மைதானத்துக் கோடு உமிச் சாம்பல்.
டீயும் அவர்கள் செலவு.
மழைக்குப் பிறகு எங்கள் செம்மண்ணில் திரும்ப ஆடியபோது
பந்து செம்புராங்கல் மாதிரி கனத்தது.
தலையால் முட்டிய இருதயராஜ்
நெற்றியில் சிவப்போடு வகுப்புக்குப் போனான்.

ரயில்வேயை மூன்று பூஜ்யம் என்று வென்று திரும்பும் வேனில்
சாத்தப்பன் சொன்னான்:
"எங்க ஆளுகள்ல முதல்ல எந்த ஊரும்பாக,
அடுத்தது எந்தக் கோயில்ம்பாக.
ஒம்பதுல ஒண்ணைச் சொல்லணும்.
கல்யாணமானாத்தான் ஒரு புள்ளி.
எங்கப்பா ஒரு புள்ளி. நான் இன்னும் கணக்குலயே இல்லை."
"நம்ம டீமும் கல்யாணமாகாததுதான்டா," என்றான் இருதயராஜ்.
டிரைவரும் சிரித்தார்.

எனக்கு மட்டும் ஒரு சிக்கல் இருந்தது.
நோட்டில் ஆட்டம், கோல், எதிரணி எல்லாம் நிரம்பிவிட்டன.
புள்ளி என்ற கட்டத்தில் என்ன போடுவது?
பேனா முனையை ஊன்றி
ஒரு புள்ளி வைத்தேன்.
வேன் குலுங்கியதில் அது கொஞ்சம் நீண்டது.

ஜனவரியில் அடுத்த தாள்.
இரண்டாம் பிரிவு. பதினோரு அணிகள்.
கடைசி வரியில் நாங்கள், எழுத்துப் பிழையோடு.
முதல் ஆட்டம் நாகர்கோவிலில்,
பிப்ரவரி முதல் ஞாயிறு.
எல்லோரும் கத்தினார்கள். நானும்.
பிறகுதான் நோட்டைப் பார்த்தேன்.
அந்த ஞாயிறு புதுவயலுக்குக் கொடுத்தது.

"போன் பண்ணி வரலன்னு சொல்லிடு," என்றான் சேவுகன்.
எண்ணை எடுத்தேன். அழுத்தவில்லை.
பச்சை விளக்கு தானாக அணைந்தது.

பதினான்கு பேர் நாகர்கோவிலுக்கு ரயில் ஏறினார்கள்.
நானும் முதலாமாண்டு ஐந்து பேரும் புதுவயல் டவுன் பஸ்ஸில்.
ஆள் குறைவதைப் பார்த்து
லோடுமேன்கள் ஐந்து பேரை எங்களுக்கே கடன் கொடுத்தார்கள்.
அதில் ஒருவர் எனக்கு எதிராகவே ஒரு கோல் போட்டார்,
பழக்க தோஷம்.

நாகர்கோவிலில் ஒன்றுக்கு ஒன்று.
ஒரு புள்ளி. அச்சில் வந்தது.

இங்கே ஆறு என்கிறார்கள்.
ஐந்துதான்.
ஆறாவது உள்ளே போகவில்லை, நான் பக்கத்தில் இருந்தேன்.
கோடு சாம்பல்.
காற்றில் நகர்ந்திருந்தது.