மிச்ச மை

ஆறு மணிக்குள்
மூன்று பத்தி அகலத்தில்
ஓர் அமைச்சரைக் கொடுத்துவிட வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.
ஆசிரியர் போனில் வருவார்:
"மூக்கைக் கொஞ்சம் குறைங்க."
குறைப்பேன்.
குறைத்த மூக்கு எங்கே போகும்?
பேனாவுக்குள்ளேயே கிடக்கும்.
அதோடுதான் கல்மண்டபத்தில் இறங்குவேன்.

இறங்கினால் தெருவுக்கே நான் கடன்காரன்.
கேரம் கிளப்பில் டெல்லிபாபு தோற்ற அன்று
ஸ்கோர் அட்டையின் பின்பக்கம்
ஜெயித்தவனுக்கு வால் வரைந்து தர வேண்டும்.
டீக்கடை நாகூர் கனிக்கு
'கடன் கேட்காதீர்' பலகையில் ஒரு கழுதை.
அதற்கு என் ஜாடை என்கிறார்கள்.
இருக்கும். நானூற்றுப் பத்து ரூபாய் பாக்கி.
பாக்ஸிங் பையன்கள் பனியனுக்கு ஒரு குத்து கேட்டார்கள்;
மூக்குடைந்த கோச்சின் முகத்தையே முஷ்டியாக்கினேன்.
அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் மார்க்கெட் போகிறார்.
ஸ்டான்லியில் மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பும்
பொடியன்களுக்கு முழங்கையில் டைனோசர்.
ஆறாவது வாரம் டாக்டர் அதைக்
கழுத்தோடு அறுத்துவிடுவார்.
துறைமுகத்துக்கு இரண்டு நாளாக வரிசையில் நிற்கும்
கண்டெய்னர் லாரியின் புழுதிக் கதவில்
விரலாலேயே டிரைவரின் மீசை.
இந்நேரம் அது கொழும்பு மழையில் நனையலாம்.

காசு கேட்டதில்லை.
நெத்திலியாகக் கொடுத்தால் மறுத்ததும் இல்லை.
இவர்களில் ஒருவரும் மூக்கைக் குறை என்றதில்லை.
பல்லை மட்டும் வரிசையாகப் போடு என்பார்கள்.

போன செவ்வாய் ராத்திரி
ஏட்டு கன்னியப்பன் ஆள் அனுப்பினார்.
பாலத்துக்குக் கீழே, பைக்கில் ரெண்டு பேர்,
மீன்காரத் தேசம்மாளின் செல்போன்.
"நீதான் மூஞ்சி வரையறவனாச்சே.
அது சொல்லும், நீ போடு."

ஐஸ் தண்ணீர் சொட்டும் கூடையைப்
பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு
தேசம்மாள் சொன்னாள்:
"நெட்டையும் இல்ல, குட்டையும் இல்ல.
முழியே சரியில்ல.
சிரிச்சிக்கினே புடுங்கினாம்பா."

சிரித்துக்கொண்டே பிடுங்குகிறவனை
இருபத்திரண்டு வருஷமாக வரைகிற கை இது.
என்னைக் கேட்காமலே
கன்னத்தை உப்ப வைத்தது,
தோளில் துண்டைப் போட்டது,
சாயங்காலம் குறைத்த மூக்கைத்
தேடி எடுத்து ஒட்டியது.

ஏட்டு படத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.
தாளை நான்காய் மடித்துத்
தொப்பிக்குள் வைத்தார்.
"வம்புய்யா."
தொப்பியை இழுத்துத் தாளைப் பிரித்த தேசம்மாள்
"இவன் இல்ல," என்றாள்.
கொஞ்சம் யோசித்து,
"ஆனா இவனையும் புடிங்க."

லாக்கப்பில் இருந்தவன்கூடச் சிரித்தான்.

அப்புறம், திருடனை வுடு,
போனைப் போடு என்றாள்.
"பாக்கணும் போலக்குது."

போட்டேன். இடது மூலையில் விரிசல்.
தாளின் பின்பக்கம் போனின் பின்பக்கம்:
பாதி உரிந்த அங்காளம்மன்.
உள்ளே என்ன படம் வைத்திருந்தாய்?
"வஞ்சிரம்."
தடைக்காலம் முடிந்த முதல் நாள்
ஏலத்தில் எடுத்தது, பதினோரு கிலோ,
பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு அவள்.

கட்டைவிரல் நகத்தளவு இடம்.
அதில் ஒரு பெண், ஒரு மீன்.
"மீனு சின்னதாக்குதே."
பெரிதாக்கினேன்.
"இன்னும்."
கண்ணாடி விளிம்பைத் தாண்டி
வால் வெளியே வந்தது.
"ஆங். இது."
சுருக்குப்பையில், போன் இருந்த இடத்திலேயே
செருகிக்கொண்டு போனாள்.
போன் இன்னும் கிடைக்கவில்லை.

மறுநாள் ஆறு மணி.
மேடை, மைக், அமைச்சர்,
மேடைக்குக் கீழே ஓரமாக ஒரு மீன்.
ஆசிரியர் மூக்கைப் பற்றிப் பேசவே இல்லை.
"அந்த மீன் யாரு? எந்தக் கட்சி? என்ன அர்த்தம்?"
அர்த்தமெல்லாம் இல்லை சார், என்றேன்.
பதினோரு கிலோ.