சுவர்த்தாளின் பின்பக்கம்

ஹல் நகரத்தின் மேற்குப் பக்கம், தேவாலயக் கூடம்.
வியாழக்கிழமை இரண்டு மணி.
மேசைகள் மூன்றைச் சேர்த்துப் போட்டு
யார் வீட்டிலோ மிஞ்சிய சுவர்த்தாளைக்
கவிழ்த்து விரித்திருக்கிறோம்.
ஸ்ட்ரோதர் தெருவை நான் பார்த்ததில்லை.
இடித்து ஆறு வருடம் கழித்துப் பிறந்தவன்.
அதனால்தான் பென்சில் என்னிடம்.

வறுத்த மீன் கடை முனையில் என்கிறார் எனிட்.
முனையில் இல்லை, அதற்கு அடுத்தது என்கிறார் நாரிஸ்.
முனையில் இருந்தது அடகுக் கடை.
அப்பா கப்பலேறிய மறுநாள் அவர் கோட்டு
உள்ளே போகும்.
மூன்று வாரம் கழித்து அவர் வந்து இறங்கியதும்
வெளியே வரும்.
கரையில் மூன்று நாள்.
அந்த மூன்று நாளும் டாக்சி அவருடையது,
மதுக்கடை அவருடையது,
தெருப் பிள்ளைகளின் மிட்டாய்க் கணக்கெல்லாம் அவருடையது.
"என்னைவிட அந்த அடகுக்காரனுக்குத்தான்
அந்தக் கோட்டை நன்றாகத் தெரியும்."

எனிட் விடுவதாக இல்லை.
"முனையில்தான். எண்ணெய்ப் புகை
என் படுக்கையறை ஜன்னலுக்கே வரும்."
அழிக்கிறேன், வரைகிறேன், அழிக்கிறேன்.
தெருமுனையில் தாள் நைந்து
மறுபக்கத்து ரோஜாப்பூ தெரிகிறது.

பதினோராம் எண் வீடு எங்கே என்றேன்.
வீடு இல்லை, ஓட்டைதான் என்றார்கள்,
போர்க்காலத்துக் குண்டு பிடுங்கிய பல்.
அங்கேதான் பையன்கள் பந்து விளையாடினார்கள்.
ஓட்டையை எப்படி வரைவது?
விட்டுவிடு, அதுதான் வரைவது என்றார் டெர்மட்.

நாற்றத்தில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை.
மீன்தூள் ஆலையின் காற்று
கிழக்கே திரும்பும் நாளில்
ரொட்டியில் ஜாம் தடவினாலும்
காட் மீன்தான் தின்றோம் என்று
எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

கிழக்குக் கோடியில், ஜன்னலோரம்,
ஆல்மா அதுவரை வாய் திறக்கவில்லை.
தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது.

"இருபத்து நாலாம் எண்" என்றார் எனிட்,
"அந்த ஹாட்கின் வீட்டுக்காரி."
பெயரைச் சொன்னதும் குரல் ஒரு படி இறங்கியது.
கப்பல் கிளம்பும் நாளில்
ஒருத்தியும் துணி துவைக்க மாட்டாள் எங்கள் தெருவில்.
துவைத்தால் கடல் ஆளைத் துவைத்துக்கொண்டு போகும்.
கையசைத்து வழியனுப்பவும் கூடாது.
அந்த ஜனவரியில் அவள் கொடியில்
வெள்ளைவெளேரென்று ஒரு படுக்கை விரிப்பு.
பதினெட்டாம் நாள்
ஐஸ்லாந்துக்கு வடக்கே
கப்பலின் வயர்லெஸ் நின்றது.

கப்பலின் பெயரை யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் கடையில் சில்லறையை
அவள் கையில் கொடுக்க மாட்டார்கள்,
பலகையில் வைப்பார்கள்.
இரண்டு வருடம் பொறுத்தாள்.
பிறகு ஆற்றைக் கடந்து கிரிம்ஸ்பிக்குப் போய்விட்டாள்.
"போகட்டும் என்றுதான் விட்டோம்" என்றார் எனிட்.

"அது எங்கள் வீட்டு விரிப்பு."

ஆல்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.
"தம்பி இரவில் நனைத்துவிட்டான்.
அம்மா எழுவதற்குள் அலசினேன்.
எங்கள் கொடி அறுந்திருந்தது.
சந்தைத் தாண்டி அவள் கொடியில் போட்டேன்.
எனக்கு ஒன்பது வயது."

தண்ணீர்ப் பாத்திரம் மட்டும்
பின்னால் முனகிக்கொண்டிருந்தது.

கொடி எங்கே இருந்தது என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.
அவர் எழுந்து வந்து
என் கையிலிருந்து பென்சிலை வாங்கி
இருபத்து நாலின் பின்வாசலில் இருந்து
கழிப்பறைச் சுவர் வரைக்கும்
ஒரு கோடு இழுத்தார்,
நடுவில் கொஞ்சம் தொய்வோடு,
ஈரத்துணியின் கனத்தோடு.
அந்தக் கோட்டை யாரும் மறுக்கவில்லை.

நாரிஸ் கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.
அந்த ஜனவரிக்குப் பிறகு கோட்டை மீட்க
யாரும் போகவில்லை என்று
அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெகுநேரம் கழித்துச் சொன்னார்,
யாரையும் பார்க்காமல்:
"சரி. மீன் கடை
முனையிலேயே இருக்கட்டும்."

எழுதினேன்.
நைந்த இடம். பென்சில் முனை
துளைத்துக்கொண்டு போய்
மேசையில் எழுதியது.