நான்கு க

செவ்வாய்க்கிழமை இரவு, எட்டு மணி.
பகாவ் டவுனில் டயர்க் கடைக்கு மேல்மாடி.
பன்னிரண்டு பாய்கள்.
கீழே யாரோ சக்கரத்து நட்டைக் கழற்றுகிறார்கள்.
மில்லிலிருந்து வரும் செம்பனை வெந்த நெடி
சன்னலைச் சாத்தினாலும் உள்ளேதான் இருக்கிறது.

படிக்கட்டு முகப்பில் பேனர்:
மந்திரம் சொன்னால் தூக்கம் வரும், நினைவு கூடும்,
இரத்த அழுத்தம் இறங்கும்.
நர்ஸ் புனிதவதி மிஷினைக் கையோடு கொண்டுவந்தாள்.
சொல்லுமுன் நூற்று நாற்பத்தெட்டு.
சொன்னபின் நூற்று முப்பத்தொன்பது.
அடுத்த வாரம் சொன்னபின் நூற்று ஐம்பத்தொன்று.
அதற்கப்புறம் மிஷின் வரவில்லை.
அவள் வருகிறாள்.

நான் வந்தது முதுகுவலிக்கு.
பழக்குலை லோரி, இருபது வருஷ சீட்டு.
பெயர் கலியபெருமாள். எழுதினால் சுலபம்.
சொல்லப்போனால்
முதல் எழுத்திலேயே பூட்டு.

சொல்லித்தருகிறவள் சியூ லிங்,
கண்ணாடிக் கடைக்காரர் மகள்,
ரிஷிகேஷில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவள்.
“உங்கள் மொழிதானே, தப்பாய்ச் சொன்னால் திருத்துங்கள்”
என்றாள் முதல் நாள், மலாயில்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
அர்ச்சனைத் தட்டோடு நின்று கேட்டதுண்டு.
பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி,
வேலிக்கு மேலே வரும்,
நமக்கில்லை என்று விட்டுவிடுவோம்.

பலகையில் எழுதிக் காட்டினாள், க மட்டும் நான்கு:
வறண்டது ஒன்று, மூச்சு கலந்தது ஒன்று,
தொண்டை அதிர ஒன்று,
அதிர்ந்து மூச்சும் விட ஒன்று.
“தமிழுக்கு ஒரு க போதும்” என்றார் பின்வரிசைத் தவசீலன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்கு ஏழெட்டு உண்டு, ஒரே பெயருக்குள்.
அதை நான் சொல்லவில்லை.
சொல்ல ஆரம்பித்திருந்தால் வகுப்பு முடிந்திருக்கும்.

எட்டரைக்கு மசூதியில் பாங்கு.
அது ஓயும்வரை சும்மா இருப்போம்.
அப்புறம் ஓம்.
பன்னிரண்டு குரல் சேர்ந்து எழும்பியபோது
என்னுடையது எங்கும் தட்டவில்லை.
கண்ணைத் திறந்து பார்த்தேன்,
பக்கத்துப் பாய்க்காரர் குரலோ என்று.
அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

மந்திரத்துக்குப் பொருள் என்ன என்று
துண்டுத் தாளில் எழுதிக் கேட்டேன்.
அவளும் தாளிலேயே தந்தாள்.
நல்ல சொற்கள், எல்லோருக்கும் நல்லது கேட்கிற சொற்கள்.
லோரியில் கண்ணுக்கு மேல் செருகி வைத்திருக்கிறேன்
ரோட்டுவரி ரசீதோடு.

எனக்குப் பட்டது வேறு.
ஓம் முடிகிற இடத்தில் உதடு மூடுகிறது.
உதடு மூடினால் என் பேச்சு அங்கேயே நிற்கும்,
ஐம்பத்து மூன்று வருஷமாய் அப்படித்தான்.
இங்கே மூடின பிறகும் ஓடுகிறது.
மூக்குத்தண்டில், பல்வரிசையில், நெஞ்செலும்பில்.
கதவு சாத்தியிருக்கிறது,
வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் கேட்கிறது.

ஒரு செவ்வாய் “நீங்கள் தனியாய்த் தொடங்குங்கள்” என்றாள்.
வாய் திறந்தது.
மின்விசிறி சத்தம்தான் கேட்டது.
கீழே நட்டு கழற்றுகிறவன்கூட நிறுத்திவிட்ட மாதிரி.
அவள் அவசரப்படவில்லை, உதவிக்கும் வரவில்லை.
கடைசியில் புனிதவதிதான் தொடங்கினாள், கொஞ்சம் கோபமாய்.
அன்றிரவு பாய் சுருட்டாமல் வந்துவிட்டேன்.
மறுவாரம் போனேன். பாய் அதே இடத்தில் கிடந்தது.

நேற்று மில் எடைமேடையில் புதுக் குமாஸ்தா.
பழையவர் ரோஸ்னா என் கையிலுள்ள சீட்டைப் பார்த்தே எழுதிக்கொள்வார்.
இந்தப் பெண் தலை நிமிராமல் கேட்டாள்: “நாமா?”
முதுகுக்குப் பின்னால் பழக்குலை.
அதற்குப் பின்னால் ஆறு லோரி, இரண்டு ஹாரன்.
சீட்டு சட்டைப்பையில் இருந்தது.
எடுக்கவில்லை.
உதட்டை மூடினேன்.
நெஞ்சுக்குள் அந்த ம் ஓடுகிறதா என்று பார்த்தேன்.
அது பாதி போனபோது வாயைத் திறந்தேன்.

க. க. கலியபெருமாள்.

மூன்று க.
சமஸ்கிருதத்துக்கு ஒன்று குறைவு.
அந்தப் பெண் “பெருமாள்” என்று மட்டும் எழுதி
அடுத்த லோரிக்குக் கை காட்டினாள்.