பொறி நாற்பத்தொன்று, எலி

மாதத்தில் ஒன்பது நாள் மெரியானா மலையில் இருப்பாள்.
மரப்பெட்டிப் பொறிகளைத் திறந்து
செத்ததை எறிந்து, புது முட்டை வைத்து மூடிவிட்டு
அடுத்த பெட்டிக்கு நடப்பாள்.
கீரிபோல் ஒல்லியான ஸ்டோட்டுகள்
கிவிக் குஞ்சுகளைத் தின்றுவிடாமல் இருக்க
அரசாங்கம் அவளுக்குச் சம்பளம் தருகிறது.

நான் ஹொகிடிகாவில், பால்பவுடர் ஆலையில், இரவு ஷிப்ட்.

முன்பெல்லாம்
பாலத்தைத் தாண்டியதும் அவள் போனில்
சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய் உதிரும்.
அதற்குப் பிறகு ஒன்பது நாள்
அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது
என் அனுமானம்.
நன்றாகத் தூங்கினேன். சொல்வதில் வெட்கமில்லை.
மௌனத்துக்கு அப்போது அர்த்தம் கிடையாது,
மழைக்கு இல்லாததுபோல.

இந்த வருடம் அதே போன்,
மூலையில் கீறல் விழுந்த அதே கண்ணாடி,
செயற்கைக்கோளோடு பேசக் கற்றுக்கொண்டது.

பீச் மரங்களுக்கடியில் வானம் அகப்படாது.
முழங்கால் நீரில் இறங்கி
ஆற்றின் நடுவே கூழாங்கல் திட்டுக்குப் போக வேண்டும்.
இடப்பக்கம் திரும்பு என்கிறது திரை.
இன்னும் கொஞ்சம். அப்படியே நில்.
கல்யாணப் போட்டோக்காரன்கூட
அவளை அவ்வளவு நேரம் நிறுத்தியதில்லை.
தலைக்கு மேலே ஏதோ ஒன்று
கடந்துபோகிற அந்தச் சில நிமிடத்துக்குள்
எழுதியது கிளம்பிவிட வேண்டும்.

அப்படி வந்த முதல் கடிதம்:
41 எலி. 42 காலி. 43 ஸ்டோட், பெரிசு.
சாக்ஸ் நனைந்துவிட்டது.

வேறொன்றும் இல்லை.
ஆலைக் கழிப்பறையில் நின்று ஏழு தடவை படித்தேன்.

பிறகு தினமும் மாலை ஆறரைக்கு.
44 காலி. 52, முட்டையை மட்டும் காணோம்.

ஆறாம் நாள், வியாழன். ஆறரை.
ஏழு.
எட்டே கால்.
அவளுடைய மேலதிகாரி பிலிப்பாவைக் கூப்பிட்டேன்.
ஆறு பெருகியிருக்கும் டெஸ், என்றாள் கொட்டாவியை மென்றபடி,
திட்டுக்குப் போயிருக்க முடியாது. விடியட்டும்.
மழை ரேடாரைத் திறந்தேன்.
அந்தப் பள்ளத்தாக்கின் மேல்
ஒரு நீலப் புள்ளிகூட இல்லை.
உலர்த்தும் கோபுரம் இரைந்துகொண்டிருக்க
எனக்குப் பெயர் தெரிந்த எலும்புகளையெல்லாம்
ஒவ்வொன்றாக உடைத்தேன் அவளுக்கு.
கணுக்கால். விலா. காறை.
போன வருடமும் இதே மௌனம்தான்.
யாரோ அதற்கு நாக்கு ஒட்டிவிட்டார்கள்.

காலை ஆறு நாற்பது:
போன் நனைந்துவிட்டது, காயவைத்தேன்.
57 எலி. தூங்கினாயா?

தூங்கினேன் என்று எழுதினேன்.
அனுப்பப்படுகிறது.
அனுப்பப்படுகிறது.
சேர்ந்தது.

வீடு திரும்பிய அன்று
குனிந்து பூட்ஸைக் கழற்றியபடியே சொன்னாள்,
போன் நனையவில்லை.
திட்டில்தான் நின்றேன். அம்புக்குறியும் காட்டியது.
ஒரு ராத்திரி எவருக்கும் அகப்படாமல்
இருக்க முடிகிறதா என்று பார்த்தேன்.

முடிந்ததா?

பாதி. நீ விழித்திருப்பாய் என்று தெரிந்துகொண்டே இருந்தது.

ஆக, இரண்டு பொய்கள்
ஆளுக்கொன்றாக
வானம்வரை ஏறி இறங்கியிருக்கின்றன,
இந்தச் சமையலறைக்கு வர.
கெட்டில் கொதித்து அணைந்தது.
அவள் சாக்ஸை முகர்ந்து பார்த்துவிட்டு
நேராகக் குப்பையில் போட்டாள்.

இப்போது வியாழக்கிழமைகளில் அவள் எழுதுவதில்லை.
பேசி வைத்துக்கொண்டதுதான்.
ஆறரைக்கு நான் போனைப் பூட்டி வைத்துவிட்டு
ஆலைக்குப் பின்னால் லாரிகள் நிற்குமிடத்தில்
சாண்ட்விச்சைப் பிரிக்கிறேன்.
மேலே பார்ப்பதில்லை.
அந்த விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

ஒரு கடி. 41 எலி.
ஒரு கடி. 42 காலி.
43
தெரியாது.